தாவீதின் ‘ஹொராத்தி சகோதரர்களின் சபதம்’: ஒரு ரோமானியக் கதை ஓவியத்தைப் பொருள்கொள்ள முழுமையான வழிகாட்டி

மூன்று வாள்கள் மேலே உயர்ந்திருக்கின்றன. அவற்றை நோக்கி மூன்று கைகள் நீண்டிருக்கின்றன. கைகளுக்கும் வாள்களுக்கும் நடுவே கொஞ்சம் வெற்றிடம். பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி தாவீத் வரைந்த ‘ஹொராத்தி சகோதரர்களின் சபதம்’ ஓவியத்தில் கண் வந்து நிற்கிற இடம் இது. பாரிஸின் லூவ்ர் அருங்காட்சியகத்தில் இருக்கும் இந்தப் படத்தை எடுத்துக்கொண்டு, ரோமானியப் பழங்கதையைச் சொல்லும் நவசெவ்வியல் ஓவியம் ஒன்றை எப்படிப் பார்ப்பது, எப்படிப் பொருள்கொள்வது என்று படிப்படியாகப் போகலாம். ஒரு படத்தை நிதானமாகப் படித்துப் பழகிவிட்டால், அதே வழியில் வேறு படங்களையும் படிக்கலாம்.

தொடங்குவதற்கு முன் இரண்டு சொற்கள். ‘வரலாற்று ஓவியம்’ என்பது நடந்த வரலாற்றை மட்டும் குறிப்பதில்லை. புராணம், பைபிள், பழங்கதை, காவியம் என மனிதர்கள் பெரிய செயல் ஒன்றில் ஈடுபடும் எந்தக் காட்சியும் இதில் அடங்கும். 1648இல் தொடங்கிய பிரெஞ்சு அரச ஓவியக் கழகம் இந்த வகையைத்தான் உச்சியில் வைத்தது. உருவப்படம், நிலக்காட்சி, பூவும் பழமும் எல்லாம் அதற்குக் கீழேதான். ‘நவசெவ்வியல்’ என்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் பண்டைய கிரேக்க, ரோமானியக் கலையின் கட்டுக்கோப்பை மறுபடி பிடித்துக்கொண்ட பாணி. எர்குலேனியத்தில் 1738இலும் பொம்பேயில் 1748இலும் அகழாய்வு தொடங்கி, எரிமலைச் சாம்பலுக்கு அடியிலிருந்து பழைய வீடுகளும் சுவரோவியங்களும் வெளியே வந்த காலம் அது.

படி 1: அளவை மனதில் வாங்குங்கள்

இந்தப் படத்தின் உயரம் சுமார் 3.30 மீட்டர், அகலம் சுமார் 4.25 மீட்டர். நம் கணக்கில் கிட்டத்தட்ட 11 அடிக்கு 14 அடி. ஹாலின் ஒரு முழுச் சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் இருக்கும் மனிதர்கள் ஏறக்குறைய நம் அளவில் இருப்பார்கள். செல்போனில் பார்க்கும்போது ஒரு விரல்நுனி மறைத்துவிடும் அந்தத் தந்தை, நேரில் நமக்கு எதிரே நிற்கிற ஓர் ஆள். லூவ்ரின் இணையதளத்தில் நல்ல படம் இருக்கிறது. முடிந்தால் கணினித் திரையில் முழு அளவுக்குத் திறந்து வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 2: கதை தெரியாமலே ஐந்து நிமிடம் பாருங்கள்

கதையைப் படித்த பிறகு கண் சோம்பேறியாகிவிடும். ‘இவர்தான் அப்பா, இவர்கள்தான் பிள்ளைகள்’ என்று பெயர் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவோம். அதனால் முதலில் வெறுமனே பாருங்கள். கண்ணில் படுவதை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள்.

இடப்பக்கம் மூன்று இளைஞர்கள், கால்களை அகட்டி, ஒரே திசையில் கை நீட்டி நிற்கிறார்கள். நடுவில் சிவப்பு மேலாடை அணிந்த முதியவர், வாள்களை உயர்த்திப் பிடித்திருக்கிறார். அவர் கண்கள் பிள்ளைகளைப் பார்க்கவில்லை, வாள்களைப் பார்க்கின்றன. வலப்பக்கம் பெண்கள் சாய்ந்து சரிந்திருக்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் கறுத்த துணி போர்த்திய ஒருத்தி இரண்டு குழந்தைகளை அணைத்திருக்கிறாள். பின்னணியில் மூன்று வளைவுகள், அவற்றுக்கு அப்பால் இருட்டு.

இப்போது உள்ளங்கையால் படத்தின் வலப்பாதியை மறையுங்கள். மிச்சம் இருப்பது ஒரு வீர முழக்கம். கையை எடுத்து இடப்பாதியை மறையுங்கள். மிச்சம் இருப்பது சாவு வீடு. இரண்டும் ஒரே கூரைக்குக் கீழே, ஒரே நிமிடத்தில் நடக்கின்றன. இந்தப் படத்தைப் பற்றி நான் சொல்ல நினைக்கிற எல்லாமே இந்தச் சின்னச் சோதனையில் இருக்கிறது. செய்யாமல் மேலே போகாதீர்கள்.

படி 3: கதையை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள், முடிவு வரை

ரோமின் மூன்றாவது அரசனாகச் சொல்லப்படும் துல்லுஸ் ஹொஸ்திலியுஸின் காலம், மரபுக் கணக்குப்படி கி.மு. 7ஆம் நூற்றாண்டு. ரோமுக்கும் பக்கத்து நகரமான ஆல்பா லோங்காவுக்கும் போர் மூள்கிறது. இரு பக்கமும் உறவுக்காரர்கள். படைகள் மோதி அழிவதற்குப் பதிலாக ஆளுக்கு மூன்று பேரை அனுப்பி முடிவுசெய்யலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். ரோம் சார்பில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஹொராத்தி சகோதரர்கள் மூவர். ஆல்பா சார்பில் அதேபோல் பிறந்த குரியாத்தி சகோதரர்கள் மூவர்.

சண்டையில் ஹொராத்திகளில் இருவர் சீக்கிரமே விழுந்துவிடுகிறார்கள். மூன்றாமவன் காயமில்லாமல் இருக்கிறான், ஆனால் எதிரே மூன்று பேர். அவன் ஓடுகிறான். காயம்பட்ட குரியாத்திகள் துரத்துகிறார்கள், காயத்தின் அளவுக்கு ஏற்ப முன்னும் பின்னுமாகப் பிரிந்துபோகிறார்கள். அவன் திரும்பி நின்று ஒவ்வொருவராகக் கொல்கிறான். ரோம் வென்றது.

கதை இங்கே முடிந்திருந்தால் தாவீதின் படத்தில் வலப்பாதிக்கு வேலையே இல்லை. வென்றவன் எதிரிகளின் பொருள்களைச் சுமந்துகொண்டு ஊர் திரும்புகிறான். நகர வாசலில் தங்கை நிற்கிறாள். இறந்த குரியாத்திகளில் ஒருவன் அவளுக்கு நிச்சயிக்கப்பட்டவன். அண்ணன் தோளில் கிடக்கும் போர்வை அவள் தன் கையால் செய்து அவனுக்குக் கொடுத்தது. அடையாளம் கண்டு, கூந்தலை அவிழ்த்துவிட்டு, செத்தவன் பெயரைச் சொல்லிக் கதறுகிறாள். அண்ணன் வாளை உருவி அவளைக் குத்திக் கொல்கிறான். எதிரிக்காக அழுகிற ரோமானியப் பெண் எவளுக்கும் இதுதான் கதி என்கிறான்.

அவனுக்கு மரண தண்டனை விதிக்கப்படுகிறது. மக்களிடம் முறையிடுகிறான். தந்தை முன்வந்து, மகள் செத்தது நியாயம்தான் என்றும், மிஞ்சிய ஒரே பிள்ளையையும் பறித்துவிடாதீர்கள் என்றும் மன்றாடுகிறார். விடுவிக்கிறார்கள். ஆனால் பரிகாரமாகத் தலையை மூடிக்கொண்டு ஒரு மரக்கட்டைக்குக் கீழே குனிந்து போகவேண்டியிருந்தது. அந்தக் கட்டைக்குத் ‘தங்கையின் விட்டம்’ என்று பெயர். கதையை எழுதிய ரோமானிய வரலாற்றாசிரியர் லிவி, தன் காலத்திலும் அது அரசுச் செலவில் பராமரிக்கப்பட்டதாகச் சொல்கிறார்.

லிவி எழுதியது கி.மு. முதல் நூற்றாண்டின் கடைசியில். சம்பவத்துக்கும் எழுத்துக்கும் நடுவே அறுநூறு ஆண்டுகள். அவரே ஓரிடத்தில், ஹொராத்திகள் எந்த ஊர், குரியாத்திகள் எந்த ஊர் என்பதில்கூடப் பழைய ஆசிரியர்களிடையே குழப்பம் இருக்கிறது, பெரும்பாலானோர் சொல்வதால் ஹொராத்திகளை ரோமர் என்று வைத்துக்கொள்கிறேன் என்கிறார். யாருக்காக யார் செத்தார்கள் என்பதே தெளிவில்லாத கதை! இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்ச நேரம் வேறு எதிலும் மனம் போகவில்லை.

படி 4: எந்தக் கணம் என்று கேளுங்கள்

வரலாற்று ஓவியத்தைப் படிப்பதில் இதுதான் முக்கியமான கேள்வி. கதையில் பத்துக் கணங்கள் இருக்கும், கித்தானில் ஒன்றுக்குத்தான் இடம். எதை எடுத்தார், எதை விட்டார் என்பதில் ஓவியரின் எண்ணம் தெரிந்துவிடும்.

தாவீத் முதலில் யோசித்தது வேறு காட்சி. தந்தை மக்கள்முன் மகனுக்காக வாதாடுவது, கீழே மகளின் சடலம். 1781 வாக்கில் அவர் போட்ட அந்த வரைபடம் வியன்னாவின் ஆல்பர்ட்டினா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கொலைக்காட்சியையும் எடுத்திருக்கலாம், ரத்தமும் கூச்சலுமாக. சண்டையையே எடுத்திருக்கலாம். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கிளம்புவதற்கு முந்தைய சபதத்தை எடுத்தார்.

இதில் ஆச்சரியம், லிவியிடம் இந்தச் சபதம் இல்லை. இதே கதையை வைத்து 1640இல் நாடகம் எழுதிய பிரெஞ்சு நாடகாசிரியர் கோர்னெயிடமும் இல்லை. ஓவியர் தானாகக் கொண்டுவந்த கணம் இது. அப்படியானால் நாம் கேட்கவேண்டியது: எழுத்தில் இல்லாத ஒரு கணம் எதற்கு? என் விடை இது. இந்தக் கணத்தில்தான் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். மூன்று பிள்ளைகளும், தங்கையும், மருமகளும், பக்கத்து நகரத்தில் இருக்கும் அந்த மூன்று பேரும்கூட. கைகள் இன்னும் வாளைத் தொடவில்லை. தொட்டுவிட்டால் ஐந்து ஆண்களும் ஒரு பெண்ணும் சாவது உறுதி. அந்தச் சின்ன வெற்றிடம் வழியாகப் பார்த்தால் நடக்கப்போகும் சண்டையும் கொலையும் வழக்கும் எல்லாம் அந்தப் பக்கம் காத்திருக்கின்றன.

மூவரில் யார் பிழைக்கப்போகிறவன் என்று படத்தில் தேடிப்பாருங்கள். முன்னால் நிற்பவனாக இருக்கலாம் என்று தோன்றும். ஆனால் அதைச் சொல்லும் அடையாளம் எதுவும் எனக்குத் தென்படவில்லை. மூவரும் ஒருவர்மேல் ஒருவர் படிந்து ஒரே உடல்போல நிற்கிறார்கள். பின்னால் நிற்கும் சகோதரனின் கை முன்னால் இருப்பவனின் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. உருப்பெருக்கி அந்தக் கையை மட்டும் பாருங்கள். இவ்வளவு விறைப்பான கூட்டத்தில் பாசம் என்று சொல்லத்தக்கது அது ஒன்றுதான்.

படி 5: கோடுகள், வெளிச்சம், கட்டடம்

இந்தப் படி பலருக்குப் பள்ளிக்கூடப் பாடம்போல இருக்கும். ஆனால் தாவீத் பேசுவது இதில்தான்.

ஓர் அளவுகோலைத் திரையில் வையுங்கள். சகோதரர்களின் கைகள், கால்கள், ஈட்டி எல்லாம் நேர்கோடுகள். தந்தையின் கால்களும் அப்படியே. வலப்பக்கம் வாருங்கள், ஒரு நேர்கோடு கிடைக்காது. தலை தோளில் சாய்கிறது, தோள் மடியில் சரிகிறது, துணி அலையாக வழிகிறது. அடுத்து தரையின் கல் வரிகளைப் பின்தொடருங்கள். சேர்ந்து குவியும் கோடுகள் தந்தை வாள்களைப் பிடித்திருக்கும் கைப்பக்கம் கண்ணை இழுத்துக்கொண்டு போகும். எங்கிருந்து பார்க்கத் தொடங்கினாலும் அங்கேதான் முடிப்போம்.

பின்னால் இருக்கும் மூன்று வளைவுகள் மேடையைப் பங்கு போடுகின்றன: பிள்ளைகளுக்கு ஒன்று, தந்தைக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. தூண்கள் அடிப்பீடம்கூட இல்லாத மொட்டைத் தூண்கள். ஜன்னல் இல்லை, மரம் இல்லை, வானம் இல்லை. அதற்கு முந்தைய தலைமுறையில் பிரான்சில் ஓடிக்கொண்டிருந்தது ஓவியர் பூஷேயின் ரோஜா நிற மேகங்களும் கொழுகொழு குழந்தைகளும். அதைப் பார்த்துப் பழகிய கண்களுக்கு இந்த வெறும் கல் எப்படி இருந்திருக்கும்!

வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து பளீரென்று விழுகிறது. ஆட்கள் ஆழத்துக்குள் போகாமல் முன்வரிசையில் பக்கவாட்டாக நிற்பதால், ரோமானியப் புடைப்புச் சிற்பம் ஒன்றை வண்ணத்தில் பார்ப்பதுபோல இருக்கும். தூரிகைத் தடம் தெரியாத வழவழப்பும் அதற்கு ஒத்துப்போகிறது.

படி 6: வலப்பக்கத்தில் இன்னும் கொஞ்சம் நேரம் இருங்கள்

பல விளக்கங்கள் இந்தப் பக்கத்தை ஒரு வரியில் தாண்டிவிடும்: ஆண்கள் உறுதி, பெண்கள் தளர்ச்சி. அந்தக் காலத்து எண்ணம் அதுதான் என்பதை மறைக்கவேண்டியதில்லை. நாடு ஆணுக்கு, வீடு பெண்ணுக்கு என்று கோடு போட்ட காலம், தாவீதும் அந்தக் காலத்து மனிதர்தான். ஆனால் அத்தோடு நிறுத்தினால் படம் பாதிதான் கிடைக்கும்.

வெள்ளை உடையில் ஓரத்தில் இருப்பவளைக் கமிலா என்று கொள்வது வழக்கம். இவள்தான் அந்தத் தங்கை. லிவி இவளுக்குத் தனிப்பெயர் தரவில்லை, குலப்பெயரை வைத்து ஹொராத்தியா என்கிறார். கமிலா என்பது கோர்னெயின் நாடகத்தில் வரும் பெயர். அவளுக்குப் பக்கத்தில் சபினா. இவள் கோர்னெய் படைத்த பாத்திரம், லிவியில் கிடையாது. ஹொராத்திகளில் ஒருவனின் மனைவி, பிறந்த வீடு குரியாத்தி குடும்பம். அதாவது ஒருத்திக்கு அண்ணன்மார் இந்தப் பக்கம், கட்டிக்கொள்ளப் போகிறவன் அந்தப் பக்கம். இன்னொருத்திக்குக் கணவன் இந்தப் பக்கம், கூடப்பிறந்தவர்கள் அந்தப் பக்கம். யார் வென்றாலும் இந்த இருவருக்கும் வீட்டில் இழவுதான்.

இப்போது அந்தச் சரிந்த உடல்களை மறுபடி பாருங்கள். அவர்கள் அழுவது பலவீனத்தால் என்று எனக்குத் தோன்றவில்லை. இந்த அறையில் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அவர்கள் மட்டுமே. நீட்டிய கைகளுக்கு வாள் மட்டும்தான் தெரிகிறது. இவர்களுக்கு முடிவு தெரிகிறது.

பின்னால் இருக்கும் குழந்தைகளை விட்டுவிடாதீர்கள். ஒரு குழந்தை அணைப்புக்குள் ஒடுங்கியிருக்கிறது. பெரியவன் மறைக்கும் கையைத் தாண்டி ஆண்கள் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறான். அடுத்த முறை கை நீட்டப்போகிறவன் அவன்தான்.

படி 7: யார் கேட்டார்கள், யார் பணம் கொடுத்தார்கள்

இந்தப் படம் பதினாறாம் லூயி அரசனுக்காக வரையப்பட்டது. அரசக் கட்டடங்களின் தலைமை இயக்குநர் கோமகன் தாஞ்சிவியே, மக்களுக்கு நல்லொழுக்கம் ஊட்டும் பெரிய வரலாற்று ஓவியங்களை அரசுப் பணத்தில் வரையவைத்துக்கொண்டிருந்தார். கேட்ட அளவு பத்து அடிக்குப் பத்து அடி (பழைய பிரெஞ்சு அடி, நம் அடியைவிடக் கொஞ்சம் நீளம்). தாவீத் அகலத்தைப் பதின்மூன்று அடியாக்கிவிட்டார். காட்சியையும் அவரே மாற்றிக்கொண்டார்.

வரைய ரோமுக்கே போனார், 1784இல், மனைவியையும் மாணவர் ழான் ஜெர்மன் துருவேயையும் கூட்டிக்கொண்டு. இடப்பக்கக் கீழ்மூலையில் ரோம், 1784 என்று லத்தீனில் கையெழுத்து இருக்கிறது. ஆனால் படம் முடிந்தது 1785இல். கித்தானில் எழுதியிருக்கும் ஆண்டை அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதற்கு இது நல்ல உதாரணம். முதலில் ரோமில் தன் பட்டறையில் காட்டினார், கூட்டம் திரண்டது. அப்புறம் பாரிஸின் 1785 சலோன் கண்காட்சிக்குத் தாமதமாக வந்து சேர்ந்தது.

படி 8: பின்னோக்கிப் படிக்கும் தவறைத் தவிருங்கள்

நான்கே ஆண்டுகளில் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. தாவீத் புரட்சியில் இறங்கி, 1793 ஜனவரியில் அதே அரசனின் மரண தண்டனைக்கு வாக்களித்தார். இதைத் தெரிந்துகொண்டு படத்தைப் பார்த்தால், நீட்டிய ஒவ்வொரு கையிலும் புரட்சி தெரியும். ஆனால் 1785இல் இதற்குப் பணம் கொடுத்தது அரசாங்கம். நாட்டுக்காகத் தியாகம் என்பது அன்றைக்கு அரசனுக்கும் பிடித்த பாடம்தான். புரட்சி வந்த பிறகு மக்கள் இதில் புரட்சியைப் படித்தார்கள் என்பது உண்மை. புரட்சிக்காகவே வரையப்பட்டது என்பது வேறு கூற்று. எழுதும்போது இரண்டையும் கலக்காதீர்கள்.

அந்த நீட்டிய கையும் அப்படித்தான். 20ஆம் நூற்றாண்டின் பாசிசக் கட்சிகள் இதைப் போன்ற வணக்கத்தைப் பழைய ரோமின் வழக்கம் என்று சொல்லி எடுத்துக்கொண்டன. பண்டைய ரோமில் அப்படி ஒரு வணக்கம் இருந்ததற்கு உறுதியான சான்று இல்லை. அந்தச் சைகை பரவ வழிசெய்தவற்றில் இந்த ஓவியமும் ஒன்று. இன்று இதைப் பார்க்கும்போது நமக்கு வயிற்றைக் கலக்குவது இயல்பு. அதை மறைக்காமல் எழுதுங்கள், ஆனால் அது நம்முடைய காலத்தின் அனுபவம் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

படி 9: உங்கள் விளக்கத்தை எழுதுங்கள்

நான்கைந்து வாக்கியம் போதும். ‘கண்ணில் படுவது இது, அதனால் நான் நினைப்பது இது’ என்ற வரிசையில் எழுதினால் தடம் மாறாது. ‘இது தேசபக்தியைப் போற்றும் ஓவியம்’ என்று எழுதினால் எதுவும் சொன்னதாகாது. ‘தந்தையின் கண்கள் பிள்ளைகள்மீது இல்லாமல் வாள்கள்மீது இருக்கின்றன, அதனால் இந்த வீட்டில் பிள்ளைகளைவிடச் சபதம் பெரிது என்று படுகிறது’ என்று எழுதினால் எவரும் படத்தைத் திறந்து சரிபார்க்கலாம், மறுக்கவும் செய்யலாம். மறுக்க இடம் தரும் விளக்கமே நல்ல விளக்கம்.

படி 10: அதே ஓவியரின் இன்னொரு படத்தில் பழகிப் பாருங்கள்

இதற்கு நான் பரிந்துரைப்பது லூவ்ரிலேயே இருக்கும் ‘சபீனியப் பெண்களின் தலையீடு’. 3.85 மீட்டருக்கு 5.22 மீட்டர், 1799இல் முடிந்தது. ரோமர்கள் சபீனியப் பெண்களைக் கடத்திக்கொண்டு போய் மணந்துகொண்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். பல ஓவியர்கள் அந்தக் கடத்தலைத்தான் வரைந்தார்கள். தாவீத் எடுத்தது சில ஆண்டுகள் கழித்து நடப்பதை: சபீனியர் படையோடு வந்து நிற்கிறார்கள், அதற்குள் அந்தப் பெண்களுக்குக் குழந்தைகள் பிறந்துவிட்டன.

பின்னணியையும் கொஞ்சம் தெரிந்துகொள்ளுங்கள். 1794இல் புரட்சித் தலைவர் ரொபெஸ்பியர் வீழ்ந்ததும் தாவீத் சிறைக்குப் போனார். இந்தப் படத்தின் எண்ணம் அங்கேதான் பிறந்தது. அவர் அரசியலை ஏற்காமல் அதே ஆண்டு மணமுறிவு பெற்றிருந்த மனைவி ஷார்லோத், 1796இல் அவரை மறுபடி மணந்துகொண்டார்.

இதிலும் கையால் பாதிப் பாதியாக மறைத்துப் பாருங்கள். இடப்பக்கம் சபீனிய அரசன் தாத்தியுஸ், வலப்பக்கம் ஈட்டியை ஓங்கிய ரோமுலுஸ். ஒருவர் நடுவில் நிற்கும் பெண்ணுக்குத் தந்தை, இன்னொருவர் கணவன். வலப்பக்கம் பின்னால் குதிரைமேல் இருக்கும் ஒருவன் வாளை உறைக்குள் போடுகிறான், அவனைத் தேடிக் கண்டுபிடியுங்கள். அப்புறம் கையை எடுத்துவிட்டு நட்டநடுவைப் பாருங்கள். 1785இல் கைகளுக்கும் வாள்களுக்கும் நடுவே காலியாக விட்டிருந்த அந்த இடத்தில், வெள்ளை உடையில், இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, காலடியில் குழந்தைகளோடு ஹெர்சிலியா வந்து நிற்கிறாள்.